முதல் வான்கோழி விருந்து: இரண்டு பேர், ஒரு சின்ன சமையலறை, ஆறு நாள்

அமெரிக்காவின் நன்றி நாளான தேங்க்ஸ்கிவிங்குக்கு ஆறு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டாகிவிட்டது. கணவன் மனைவி இருவரும் இதுவரை வான்கோழியைக் கையால் தொட்டதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. நியூ ஜெர்சிக்கு வந்த முதல் இரண்டு வருடம் அந்த நாளில் வேறு யார் வீட்டிலாவது சாப்பிட்டோம். மூன்றாவது வருடம் "இந்தத் தடவை நம்ம வீட்ல" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு ஒரு வருடமும் விட்டதில்லை. அந்த முதல் வருடம் எங்களுக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றியதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர்ச் சமையல் பழகிய கைக்குக் கறி சமைப்பது புதிதல்ல. ஆனால் நாம் சமைப்பது கண்ணாலும் மூக்காலும். மூடியைத் திறந்து பார்ப்போம், ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்ப்போம், இன்னும் இரண்டு கொதி வரட்டும் என்போம். ஐந்தரை கிலோ பறவை முழுசாக ஓவனுக்குள் இருக்கும்போது அந்தக் கைப்பக்குவம் உள்ளே எட்டாது. வெளியே தோல் பொன்னிறமாக இருக்கும், தொடை மூட்டில் ரத்தம் இருக்கும். இந்தச் சமையலை நடத்துபவை நாள்காட்டியும் தெர்மாமீட்டரும்தான். இந்த இரண்டையும் நம்பினால் முதல் தடவையே நன்றாக வரும்.

நாளைப் பற்றி ஒரு வார்த்தை. 1863-இல் அதிபர் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழனை நன்றி நாளாக அறிவித்தார். 1939-இல் அதிபர் ரூஸ்வெல்ட் அதை ஒரு வாரம் முன்னே தள்ள, சில மாநிலங்கள் ஒரு நாளிலும் சில மாநிலங்கள் வேறு நாளிலும் கொண்டாடின. 1941-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு நான்காவது வியாழன் என்று முடிவு செய்தது. ஐந்து வியாழன் வரும் நவம்பரில் கடைசி வியாழன் என்று எண்ணி ஒரு வாரம் பிந்திவிடாதீர்கள். கனடாவில் இருப்பவர்களுக்கு இது அக்டோபர் இரண்டாவது திங்கள். கிழமைகளை மட்டும் மாற்றிக்கொண்டால் கீழே உள்ள முறை அப்படியே பொருந்தும்.

இரண்டு வாரம் முன்பு: எதை, எவ்வளவு

எலும்போடு சேர்த்து ஆளுக்கு ஒன்று முதல் ஒன்றரை பவுண்டு. ஆறு பேர் என்றால் 9 பவுண்டு போதும். மறுநாளைக்கும் வேண்டும் என்றால் 12. முதல் தடவை 14 பவுண்டுக்கு மேல் போகவே வேண்டாம். கடையில் 20 பவுண்டுப் பறவை அதே விலைக்குக் கிடைக்கும், கை தானாகப் போகும். ஆனால் அது உருக ஐந்து நாள் ஆகும், வேக நாலரை மணி நேரம் ஆகும், உங்கள் ஃப்ரிட்ஜில் வேறு எதற்கும் இடம் இருக்காது. விருந்தினர் கூடினால் 12 பவுண்டுப் பறவையோடு நெஞ்சுக்கறி மட்டும் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

உறைந்த வான்கோழியா, உறையாததா? முதல் தடவைக்கு உறைந்ததே போதும். நவம்பரில் ஆட்களைக் கடைக்கு இழுக்கவே பல பெரிய கடைகள் அதை மலிவாகத் தருகின்றன. உறையாததை முன்கூட்டியே சொல்லி வைத்து, விருந்துக்கு ஓரிரு நாள் முன்புதான் எடுத்துவர வேண்டும். ஹலால் வேண்டுமென்றால் அந்தக் கறிக்கடைகளிலும் இரண்டு வாரம் முன்பே பெயர் கொடுத்துவிடுவது நல்லது.

உறையைத் திருப்பிப் படியுங்கள். இத்தனை சதவீதம் உப்புக் கரைசல் சேர்த்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அது இருந்தால் பறவைக்குள் ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கிறது, நீங்கள் தனியாக உப்பில் ஊறவைக்கக் கூடாது. கோஷர் என்னும் யூத முறையில் வெட்டி உப்பிட்டதற்கும் இதே கணக்கு. கரைசல் சேர்க்காததாகப் பார்த்து வாங்கினால் உப்பு உங்கள் கையில் இருக்கும். நான் எப்போதும் அதைத்தான் தேடுவேன்.

பாத்திரங்களில் ஒன்றே ஒன்றில் கஞ்சத்தனம் வேண்டாம்: சட்டென்று எண் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். சில பறவைகளில் வெந்ததும் மேலெழும் ஒரு பிளாஸ்டிக் குச்சியைச் செருகியே விற்பார்கள். அது ஓர் இடத்தின் சூட்டை மட்டும் காட்டும், அதுவும் பிந்திக் காட்டும். அதை நம்ப வேண்டாம். வறுக்கும் தட்டுக்குக் காசு செலவழிக்க மனமில்லை என்றால் அலுமினியத் தட்டு வாங்கலாம். ஆனால் அதன் அடியில் கெட்டியான பேக்கிங் தட்டு ஒன்றை வைத்துத்தான் தூக்க வேண்டும். கொதிக்கும் கொழுப்போடு நடுவில் மடங்கினால் கால் வெந்துவிடும்.

இன்னொன்று. நம்மவர் வீடுகள் பலவற்றில் ஓவன் என்பது வாணலியும் தோசைக்கல்லும் அடுக்கும் அலமாரி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, காலித் தட்டை உள்ளே வைத்துக் கதவு மூடுகிறதா என்று இப்போதே பாருங்கள். 325-இல் வைத்து அரை மணி ஓட விடுங்கள். பழைய அபார்ட்மென்ட் ஓவன்கள் சொல்லும் சூடு ஒன்று, இருக்கும் சூடு வேறு. உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று சில டாலருக்குக் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் சூடு எல்லாமே ஃபாரன்ஹீட் கணக்கு.

முழுப் பறவையை எண்ணெயில் பொரிக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் கணக்குப்படி அமெரிக்க வீடுகளில் சமையல் தீ விபத்து மிக அதிகமாக நடக்கும் நாளே தேங்க்ஸ்கிவிங்தான். அபார்ட்மென்டில் நினைத்தே பார்க்கக் கூடாது.

சனிக்கிழமை: பறவை கீழே இறங்க வேண்டும்

எங்கள் முதல் வருடத்து வேதனை இங்கேதான் நடந்தது. செவ்வாய் இரவுதான் ஃப்ரீஸரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றினோம். ஒன்றரை நாள் ஆகிறதே, உருகாமலா போகும் என்று எண்ணினோம். வியாழன் காலை உள்ளே கையை விட்டால் விரலுக்குப் பனிக்கட்டி தட்டியது. பறவைக்குள் தனியாக வைத்துத் தரும் கழுத்துத் துண்டு உள்ளேயே ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஸிங்க்கில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, அரை மணிக்கு ஒருமுறை மாற்றி, மூன்று மணி நேரம் இருவரும் மாறி மாறி அதன் பக்கத்திலேயே நின்றோம். ஐந்து மணிக்கு வந்தவர்கள் எட்டரைக்குச் சாப்பிட்டார்கள். குழந்தைகள் சோபாவிலேயே தூங்கிப்போயின. இன்றும் நினைத்தால் எனக்கு மனசு கஷ்டப்படும்.

கணக்கு எளிது. ஃப்ரிட்ஜில் 4 முதல் 5 பவுண்டுக்கு ஒரு முழு நாள். 12 பவுண்டுக்கு மூன்று நாள். அதன் பிறகு உப்பில் ஒன்றரை நாள் இருக்க வேண்டும். வியாழனிலிருந்து பின்னோக்கி எண்ணினால் சனிக்கிழமை இரவு வருகிறது. உருகிய பறவை ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வரை தாங்கும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. அதனால் அரை நாள் முந்தினால் கேடு இல்லை, பிந்தினால்தான் எங்கள் கதி.

உறையைப் பிரிக்காமல், விளிம்புள்ள தட்டில் வைத்து, மிகக் கீழ்த் தட்டில் வையுங்கள். கசியும் நீர் மற்ற உணவில் சொட்டக் கூடாது. ஃப்ரிட்ஜ் 40 டிகிரியோ அதற்குக் குறைவோ இருக்கட்டும். அந்த வாரம் இட்லி மாவு அரைக்காதீர்கள். மாவுப் பாத்திரத்துக்கும் வான்கோழிக்கும் சேர்த்து எந்த ஃப்ரிட்ஜிலும் இடம் இருக்காது. சமையல் மேடையில் வைத்து உருக்குவது மட்டும் கூடவே கூடாது. நடுவில் பனிக்கட்டி இருக்கும்போதே மேல்தோலில் கிருமி பெருகிவிடும்.

நாள் தவறிவிட்டால் குளிர்ந்த தண்ணீர்தான் வழி. கசியாத உறைக்குள் வைத்து முழுதாக முக்க வேண்டும், பவுண்டுக்கு அரை மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை புதுத் தண்ணீர், உருகியதும் உடனே சமைத்துவிட வேண்டும். வெந்நீர் ஆகாது.

செவ்வாய் இரவு: உப்பு

இந்த வேலைக்கு இரண்டு பேர் இருப்பது பெரிய வசதி. நாங்கள் இதை ஈரக் கை, உலர்ந்த கை என்று பிரித்துக்கொள்வோம். ஒருவர் மட்டுமே பறவையைத் தொடுவார். அடுத்தவர் குழாய் திறப்பது, உப்பு எடுத்துப் போடுவது, காகிதத் துண்டு கிழித்துக் கொடுப்பது, ஃப்ரிட்ஜ் கதவைத் திறப்பது என்று எல்லாம் பார்ப்பார். பச்சைக் கறி பட்ட கை உப்பு டப்பாவிலோ கைப்பிடியிலோ படவே படாது. என் கணவர்தான் ஈரக் கை.

ஸிங்க் பக்கம் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் உங்கள் அம்மாவோ மாமியாரோ கட்டாயம் போனில் இருப்பார்கள். வான்கோழியைக் கழுவக் கூடாது. என் அம்மா மதுரையிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். "கழுவாமலா? மஞ்சத்தூள் போட்டு மூணு தண்ணி அலசாம எப்படிடி வாயில வைக்கிறது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். நம் ஊரில் கண்ணெதிரே வெட்டிய கோழி ரத்தமும் ரோமமுமாக வரும், துண்டுகளை அலசித்தான் ஆக வேண்டும். இங்கே பறவை ஆலையிலேயே சுத்தம் செய்யப்பட்டு, உறையிட்டு வருகிறது. ஐந்தரை கிலோவைக் குழாயடியில் பிடித்தால் தண்ணீர் தெறித்து, ஸால்மொனெல்லா போன்ற கிருமி பக்கத்தில் இருக்கும் தட்டுக்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் போகும். கிருமியைக் கொல்வது ஓவன் சூடுதான், தண்ணீர் அதை இடம் மாற்ற மட்டுமே செய்யும். இதை எடுத்துச் சொன்னதும் அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, மஞ்சளாவது தடவு" என்றார். அன்று முதல் உப்போடு அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளும் சேர்க்கிறோம். தோல் வெந்து வரும்போது அழகான நிறம் கிடைக்கிறது.

உறையைப் பிரித்ததும் உள்ளே கையை விடுங்கள். பெரிய குழியில் கழுத்து இருக்கும். கழுத்துப் பக்கத் தோல் மடிப்புக்குள் ஒரு சின்னப் பையில் ஈரல், இதயம், இரைப்பை இருக்கும். இரண்டு பக்கமும் பார்க்க மறக்காதீர்கள், பை சில சமயம் பிளாஸ்டிக்காக இருக்கும், அதோடு ஓவனில் வைத்தால் எல்லாம் வீண். கழுத்தையும் இரைப்பையையும் இதயத்தையும் நாளைய சாற்றுக்கு எடுத்து வையுங்கள். ஈரலைச் சாற்றில் போட்டால் கசக்கும். அதை அன்றிரவே மிளகு போட்டு வறுத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.

காகிதத் துண்டால் உள்ளும் புறமும் ஈரம் போக ஒற்றி எடுங்கள். 12 பவுண்டுக்கு இரண்டரை மேசைக்கரண்டி கோஷர் உப்பு (பெரிய பரலாக வரும் உப்பு), ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள். டயமண்ட் கிரிஸ்டல் என்ற பிராண்டு உப்பு லேசான செதிலாக இருக்கும், இந்த அளவு அதற்கானது. மார்ட்டன் பிராண்டு கோஷர் உப்பு அடர்த்தி, மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். சாதாரணப் பொடி உப்பு என்றால் பாதி. குழிக்குள் கொஞ்சம், தொடையில் நன்றாக, மிச்சத்தை நெஞ்சுப் பக்கம் தூவித் தேயுங்கள். மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். முதலில் உப்பு கறியிலிருந்து நீரை வெளியே இழுக்கும், தோல் மேல் முத்து முத்தாக நிற்கும். சில மணி நேரத்தில் அந்த உப்புநீரைக் கறியே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கறியின் புரதம் சற்று இளகி, வேகும்போது சாற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோல் காகிதம் போல் காய்ந்துவிடும். அந்தக் காய்ந்த தோல்தான் வியாழக்கிழமை மொறுமொறுவென்று வரும். வாளியில் உப்புத் தண்ணீர் கரைத்து முக்கி வைக்கும் முறையும் உண்டு. இடமும் அதிகம் வேண்டும், தோலும் ஊறிப்போகும். எனக்கு அது பிடிக்கவில்லை.

வேலை முடிந்ததும் ஸிங்க், மேடை, குழாய் எல்லாவற்றையும் சோப்பால் துடைத்துவிடுங்கள்.

புதன்: அடுத்த நாளுக்கு எதையும் மிச்சம் வைக்காதீர்கள்

சாறு: கழுத்து, இரைப்பை, இதயத்தை எண்ணெயில் சிவக்க வதக்கி, வெங்காயம், கேரட், செலரி, பிரிஞ்சி இலை, எட்டு கப் தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் இரண்டு மணி நேரம். வடிகட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கிரேவியின் உயிர் இது.

கிரான்பெரி: தக்காளித் தொக்கு கிண்டத் தெரிந்தவருக்கு இது விளையாட்டு. 12 அவுன்ஸ் பையில் வரும் பழம், ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். கொதித்ததும் பழங்கள் கடுகு போல் பட் பட் என்று வெடிக்கும். பத்து நிமிடத்தில் இறக்குங்கள். தண்ணியாக இருக்கிறதே என்று இன்னும் கொதிக்க விடாதீர்கள், பழத்தில் இருக்கும் பெக்டின் ஆறும்போது தானே இறுக்கும். ஒரு துண்டுப் பட்டையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்தால் வாசனை நன்றாக இருக்கும். வான்கோழிக்கு இந்தப் புளிப்பு ஊறுகாய் மாதிரி.

பூசணிப் பை (மாவு ஓட்டுக்குள் பூசணிப் பூரணம் ஊற்றி ஓவனில் சுடும் இனிப்பு): 15 அவுன்ஸ் டப்பாவில் வரும் பூசணி விழுதை வாங்கி, டப்பாவில் அச்சிட்டிருக்கும் முறையில் செய்யுங்கள். சர்க்கரையும் மசாலாவும் சேர்த்த இன்னொரு டப்பா பக்கத்திலேயே அதே நிறத்தில் இருக்கும், அதை மாற்றி எடுத்துவிடாதீர்கள். நடுப்பகுதி லேசாகத் தளும்பும்போதே வெளியே எடுக்க வேண்டும். கடையில் வாங்கும் மாவு ஓடு சிலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும். சைவம் சாப்பிடுபவர்களும் பன்றி சாப்பிடாதவர்களும் வருவதாக இருந்தால் பெட்டியைப் படித்துப் பார்த்து எடுங்கள்.

ஸ்டஃபிங்: பெயர்தான் திணிப்பு, பறவைக்குள் திணிக்காதீர்கள். உள்ளே இருக்கும் ரொட்டியின் நடுவும் 165 டிகிரி தொட்டால்தான் பாதுகாப்பு. அதற்குள் நெஞ்சுக்கறி சக்கையாகிவிடும். ஒரு பவுண்டு ரொட்டியைச் சதுரமாக வெட்டி, 250 டிகிரியில் முக்கால் மணி நேரம் காயவையுங்கள். எட்டு மேசைக்கரண்டி வெண்ணெயில் இரண்டு வெங்காயம், நாலு தண்டு செலரி, ஸேஜ், தைம் என்ற வாசனை இலைகள் வதக்கி, ரொட்டியோடு கலந்து வையுங்கள். ரொட்டி உப்புமா செய்த கைக்கு இதன் பதம் உடனே பிடிபடும். நாளை இரண்டு முட்டையும் இரண்டரை கப் சாறும் ஊற்றி ஓவனில் வைத்தால் போதும். எங்கள் வீட்டுக்குச் சைவக் குடும்பம் ஒன்று வரும். அவர்களுக்கு முட்டை இல்லாமல், காய்கறிச் சாறு ஊற்றித் தனித் தட்டில் செய்வோம். அந்தத் தட்டுக்குத் தனிக் கரண்டியும் உண்டு. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வெறும் ரொட்டியைச் சாப்பிட விடுவது தப்பு.

பீன்ஸ் காஸரோல் (எல்லாவற்றையும் கலந்து தட்டோடு ஓவனில் வைக்கும் கூட்டு) எங்கள் மாநிலத்துப் பிள்ளை. கேம்ப்பெல் சூப் நிறுவனத்தில் வேலை பார்த்த டோர்காஸ் ரைலி 1955-இல் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் உருவாக்கியது. பீன்ஸ், காளான் சூப் டப்பா, பால், மேலே வறுத்த வெங்காயம். பத்து நிமிட வேலை. நான் அரைத் தேக்கரண்டி மிளகு கூடுதலாகப் போடுவேன்.

இரவில் வெண்ணெயை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

வியாழன்: ஐந்து மணிச் சாப்பாட்டுக்கு

இந்தக் கால அட்டவணையைக் காகிதத்தில் எழுதி, எதிரே யார் வேலை என்று பெயரும் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

12:00 – ஓவன் 325 டிகிரி. கம்பித் தட்டு கீழிருந்து இரண்டாவது வரிசையில்.
12:30 – பறவை உள்ளே.
2:30 – முதல் சூடு பார்த்தல். உருளைக்கிழங்கு தோல் சீவல்.
3:30 முதல் 4:00 – பறவை வெளியே. ஸ்டஃபிங்கும் காஸரோலும் உள்ளே, 375 டிகிரியில்.
4:15 – கிரேவி, உருளைக்கிழங்கு மசியல்.
4:40 – வெட்டுதல்.

உப்பைக் கழுவ வேண்டாம். நெஞ்சுப் பக்கத் தோலுக்கும் கறிக்கும் நடுவே விரலை மெல்ல நுழைத்துப் பிரியுங்கள். நகம் பட்டால் தோல் கிழியும், உள்ளங்கைப் பக்கம் தோலைப் பார்த்தபடி இருக்கட்டும். நாலு மேசைக்கரண்டி வெண்ணெயில் நசுக்கிய பூண்டு, தைம், ரோஸ்மேரி சேர்த்து அந்த இடைவெளியில் தள்ளி, மேலிருந்து நீவிப் பரப்புங்கள். தோல் மேல் எண்ணெய் மட்டும் தடவுங்கள். இறக்கை நுனியை முதுகுக்கு அடியில் மடக்கிவிடுங்கள், கால்களை நூலால் தளர்வாகக் கட்டுங்கள். தட்டில் வெங்காயம், கேரட், இரண்டு கப் தண்ணீர். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் சொட்டும் கொழுப்பு கருகி, புகை அலாரம் அடிக்கும். பல ஓவன்களில் பின்பக்கம் சூடு அதிகம், அதனால் கால்கள் பின்பக்கம் பார்க்கட்டும்.

மசாலாவைப் பற்றிக் கேட்பீர்கள். முதல் தடவை தந்தூரியும் செட்டிநாடும் வேண்டாம். மிளகாய்த்தூள் மூன்றரை மணி நேரத்தில் கருகிக் கசந்துவிடும். வான்கோழிக்கு என்று ஒரு ருசி இருக்கிறது, அதை ஒரு தடவையாவது அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள். நம் மசாலாவுக்கு வெள்ளிக்கிழமை இருக்கிறது.

கதவை அடிக்கடி திறந்து கொழுப்பை மேலே ஊற்றத் தேவையில்லை. திறக்கும் ஒவ்வொரு தடவையும் சூடு இறங்கும், தோலும் நனையும். நெஞ்சுப் பக்கம் சீக்கிரம் சிவந்துவிட்டால் அங்கே மட்டும் ஃபாயில் மூடுங்கள்.

12 பவுண்டுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம், சில ஓவன்களில் மூன்றே முக்கால் வரை போகும். கடிகாரம் எப்போது பார்க்கலாம் என்று சொல்லும், வெந்ததா என்று தெர்மாமீட்டர்தான் சொல்லும். மூன்று இடம்: கழுத்துப் பக்கத்திலிருந்து நெஞ்சின் மிகத் தடித்த இடத்துக்குள், தொடை உடலோடு சேரும் மடிப்பின் உள்ளே, இறக்கை உடலோடு சேரும் இடத்தில். முனை எலும்பில் பட்டால் எண் பொய் சொல்லும், கொஞ்சம் பின்னிழுத்துப் பாருங்கள். மூன்றும் 165 டிகிரி தொட வேண்டும். தொடை 175 வரை போனால் இன்னும் மிருதுவாகும், அங்கே இருக்கும் நார்ச்சவ்வு உருக அந்தச் சூடு தேவை. நெஞ்சு அந்த அளவு போனால் வறண்டுவிடும். வான்கோழியின் சங்கடமே இதுதான். ஃபாயில், உப்பு, பின்பக்கம் பார்த்த கால்கள் எல்லாம் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கரை சேர்க்கத்தான். எலும்பு ஓரம் கறி இளஞ்சிவப்பாக இருந்தாலும் எண் சரியாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

முதல் வெற்றிகரமான வருடத்தில் என் கணவர் தெர்மாமீட்டரைத் தொடையில் குத்திவிட்டு எண்ணை உரக்கப் படித்தார்: 158, 161, 163. நான் அட்டவணைக் காகிதத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். "ஏங்க, இன்னும் பத்து நிமிஷம்" என்றேன். பத்து நிமிடத்தில் 166. இருவரும் ஒன்றும் பேசாமல் தட்டைத் தூக்கினோம்.

வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள். குறைந்தது அரை மணி நேரம் ஆறட்டும். உடனே வெட்டினால் சாறு பலகையில் ஓடிவிடும். ஃபாயிலைத் தளர்வாக மேலே போட்டால் போதும், இவ்வளவு பெரிய பறவை முக்கால் மணி நேரம் வரை சூடு தாங்கும்.

கிரேவி: தட்டில் இறங்கியதை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள், கொழுப்பு மேலே மிதக்கும். அதில் நாலு மேசைக்கரண்டி எடுத்து வாணலியில் விட்டு, நாலு மேசைக்கரண்டி மைதா போட்டு, பச்சை வாசனை போய் வேர்க்கடலை நிறம் வரும்வரை வறுங்கள். நேற்றைய சாற்றைச் சூடாக்கி, மூன்று கப் வரை, ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிக் கலக்குங்கள். தட்டின் அடியில் ஒட்டியதையும் சுரண்டிச் சேருங்கள். அதில் உப்பு நிறைய இருக்கும். அதனால் கடைசியில் ருசி பார்த்த பிறகுதான் உப்பு.

உருளைக்கிழங்கு ஆளுக்கு அரை பவுண்டு. குளிர்ந்த உப்புத் தண்ணீரில் போட்டு வேகவைத்து, வடித்து, ஈரம் போக ஒரு நிமிடம் அடுப்பில் வைத்து, கையால் மசித்து, சூடான பாலும் வெண்ணெயும் சேருங்கள். மிக்ஸியில் போட்டால் பசை ஆகிவிடும்.

வெட்டுவதைச் சமையலறையிலேயே செய்யுங்கள், மேசையில் எல்லோர் முன்பும் வேண்டாம். காலுக்கும் உடலுக்கும் நடுவே தோலைக் கீறி, காலை வெளிப்பக்கம் வளைத்தால் மூட்டு தானே விலகிக் காட்டும், அங்கே கத்தியை விடுங்கள். எலும்பை வெட்டவே தேவையில்லை. பிறகு நெஞ்செலும்பின் ஒரு பக்கத்தை ஒட்டி நீளமாகக் கத்தியை இறக்கி, விலா எலும்போடு சரிய விட்டால் நெஞ்சுக்கறி ஒரே துண்டாகக் கையோடு வரும். அதைப் பலகையில் வைத்து, குறுக்கே, ஒவ்வொரு துண்டிலும் தோல் இருக்கும்படி அரை அங்குலக் கனத்தில் அரியுங்கள். நார் ஓட்டத்தை இப்படிக் குறுக்கே வெட்டினால் மெல்ல எளிதாக இருக்கும். தட்டில் அடுக்கி, மேலே இரண்டு கரண்டி சூடான சாறு ஊற்றுங்கள்.

அன்றிரவும் வெள்ளியும்

ஓவனிலிருந்து எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சம் எல்லாம் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். எலும்போடு முழுசாக வைக்காதீர்கள், கறியைப் பிரித்து ஆழமில்லாத டப்பாக்களில் வையுங்கள். நாலு நாள் வரை நன்றாக இருக்கும், அதற்கு மேல் என்றால் ஃப்ரீஸர்.

நெஞ்சுக்கறி மிச்சம் கொத்து பரோட்டாவுக்குத் தோதானது. வெங்காயம், பச்சை மிளகாய், முட்டை, வான்கோழிக் கறி, மேலே நேற்றைய கிரேவி ஒரு கரண்டி சேர்த்துக் கொத்த வேண்டும். தொடைக்கறியைப் பிரியாணியில் போடுவதாக இருந்தால் கடைசியில், தம் போடும் நேரத்தில் சேருங்கள். அது ஏற்கெனவே வெந்தது.

எலும்பை எறிந்துவிடாதீர்கள். உடைத்துப் பெரிய பாத்திரத்தில் போட்டு, இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், தட்டிய மிளகு சீரகம் சேர்த்து இரண்டரை மணி நேரம் கொதிக்க விட்டு வடிகட்டுங்கள். தக்காளி ஒன்று, கறிவேப்பிலை, கொத்தமல்லி போட்டுத் தாளித்தால் எலும்பு ரசம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மதியம் சுடுசோறும் இந்த ரசமும்தான். உப்பை மட்டும் இறக்கிய பிறகு போடுங்கள், செவ்வாய்க்கிழமைத் தேய்த்த உப்பு எலும்புவரை இறங்கியிருக்கும்.